பேஸ்பால் பழகும் பிள்ளைகளை ஒன்பது இடத்திலும் நிறுத்திப் பழக்குவது எப்படி?

வியாசர்பாடிப் பக்கம் ஏதாவது ஒரு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பன்னிரண்டு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, யாருக்கு எந்த இடம் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஏழு பேர் பிட்சர் (பேட்டருக்குப் பந்து எறிகிறவன்) என்பார்கள். மூன்று பேர் பேட்டிங் என்பார்கள், அது இடமே கிடையாதுடா என்றாலும் காதில் வாங்க மாட்டார்கள். மிச்சம் இரண்டு பேர் ஒன்றும் பேசாமல் நிற்பார்கள், அவர்களைத்தான் நாம் கொண்டுபோய் ரைட் ஃபீல்டு என்கிற வலது கோடியில் ஓரமாக விட்டுவிட்டு வருவோம்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் வருஷம், நெட்டையாக இருந்தவனை ஃபர்ஸ்ட் பேஸ், தெருவில் வேகமாகப் பந்து போடுகிறவனை பிட்சர், கொஞ்சம் பூசினாற்போல் இருந்தவனை கேட்சர் (விக்கெட் கீப்பர் மாதிரி பேட்டருக்குப் பின்னால் இருப்பவன்), துறுதுறுவென்று இருந்த அவன் தம்பியை ஷார்ட்ஸ்டாப் (செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில் நிற்பவன்) என்று முதல் வாரத்திலேயே ஆணி அடித்த மாதிரி நிறுத்திவிட்டேன். ஆறு மாதம் நன்றாகத்தான் போனது. செப்டம்பர் முதல் வாரம் ஒரு ஆட்டம் வந்தது. அந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்பிவிட்டார்கள். மற்ற யாரும் கேட்சர் மாஸ்க்கைத் தலையில் மாட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது. கேட்சர் பந்தைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தால் இந்த ஆட்டத்தில் எதிரணிக்காரன் பேஸ் பேஸாக நடந்தே வீடு (பேட்டர் அடிக்கிற இடமான ஹோம் பிளேட்) வந்து சேர்வான். சேர்ந்தார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் (இரண்டு அணியும் ஒரு தடவை பேட் செய்து முடித்தால் ஒரு இன்னிங்ஸ்) நானே போய்ப் போதும் சார் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு இரண்டு பேர் வராததுதான் பிரச்சினை என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, வந்திருந்த பிள்ளைகளுக்கும் தங்கள் இடம் பாதிதான் தெரிந்திருக்கிறது. ஷார்ட்ஸ்டாப்பில் ஒரு நாளாவது நின்று, ஓடிக்கொண்டே எறிந்து பார்த்தவனுக்குத்தான் ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கும்போது பந்து ஏன் தாழ்வாக வருகிறது என்று தெரியும், தெரிந்தால்தான் அதற்கு முன்கூட்டியே குனிவான். அதனால் 8 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பழக்கப்போகிற அண்ணன்மார்களுக்கும் பி.டி. வாத்தியார்களுக்கும் நான் சொல்வது இதுதான்: யாரையும் ஒரே இடத்தில் கட்டிப்போடாதீர்கள். அதை எப்படிச் செய்வது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

ஆட்டத்தை நம்ம விளையாட்டில் சொல்லுங்கள்

பேஸ் என்றால் என்ன என்று விளக்க நான் அரைமணி நேரம் பேசியிருக்கிறேன், ஒருத்தனுக்கும் ஏறவில்லை. ஒரு நாள் "கல்லா மண்ணா ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். கல்லில் நின்றால் பிடிக்க முடியாது, மண்ணில் இறங்கினால் பிடிக்கலாம். பேஸ்தான் கல்லு, ஹோம் பிளேட்டிலிருந்து ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று சுற்றித் திரும்பி வந்தால் ஒரு ரன். பந்து வைத்திருக்கிறவன்தான் பிடிக்கிறவன்.

ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் பொறுமையாகச் சொல்ல வேண்டும். பந்தைத் தரையில் அடித்துவிட்டவன் ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடியே ஆக வேண்டும், அங்கே ஏற்கெனவே ஒருவன் நின்றால் அவனும் அடுத்த கல்லுக்கு நகர்ந்தே ஆக வேண்டும். அப்படிக் கட்டாயத்தில் ஓடுகிறவனை அவுட்டாக்க ஆளைத் தொட வேண்டியதில்லை, பந்தோடு அந்த பேஸை மிதித்தால் போதும். கட்டாயம் இல்லாமல் தானாக ஓடுகிறவனைப் பந்து இருக்கிற கையாலோ பந்து உள்ளே இருக்கிற கிளவுஸாலோ தொட வேண்டும். இதை முதல் நாளே எல்லாருக்கும் புரியவைத்துவிட நினைக்காதீர்கள், இரண்டு வாரம் ஆடினால் தானே வந்துவிடும்.

இடங்களுக்கு எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, ஃபர்ஸ்ட் பேஸ் 3, செகண்ட் பேஸ் 4, தேர்ட் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, அப்புறம் லெஃப்ட் ஃபீல்டு 7, சென்டர் 8, ரைட் 9. முதல் ஆறு பேர் நிற்பது பேஸ்களை ஒட்டிய இன்ஃபீல்டு, கடைசி மூன்று பேர் நிற்பது அதற்குப் பின்னாலுள்ள அவுட்ஃபீல்டு. உலகம் முழுக்க ஸ்கோர் எழுதுவது இந்த எண்ணில்தான். எண்ணால் கூப்பிட்டுப் பழக்கினால் "இது நல்ல இடம், அது மட்டமான இடம்" என்கிற நினைப்பு கொஞ்சம் குறைகிறது. நம்ம தெரு பாஷையில் ரைட் ஃபீல்டுக்கு உப்புக்குச் சப்பாணி என்று ஒரு பேர் வைத்திருந்தார்கள் பசங்க, அது ஒழிய எனக்கு ஒரு வருஷம் ஆனது.

மைதானம்

சிறுவர்களுக்கு லிட்டில் லீக் (அமெரிக்கச் சிறுவர் பேஸ்பால் அமைப்பு) அளவுதான் சரி. பேஸுக்கு பேஸ் 60 அடி, பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து ஹோம் பிளேட்டுக்கு 46 அடி. (பெரியவர்களுக்கு 90 அடி, 60 அடி 6 அங்குலம்.) அளக்க டேப் இல்லையென்றாலும் பரவாயில்லை, கிரிக்கெட் பிட்ச் 22 கஜம், அதாவது 66 அடி, அதில் இரண்டு கஜம் குறைத்தால் 60 அடி. சதுரம் கோணலாகாமல் இருக்க ஒரு வழி: ஹோம் பிளேட்டிலிருந்து செகண்ட் பேஸுக்கு நேராக 84 அடி 10 அங்குலம் கயிறு பிடியுங்கள், இரண்டு முனையிலிருந்தும் 60 அடிக் கயிறுகளை இழுத்து அவை சந்திக்கும் இடம் ஒரு பக்கம் ஃபர்ஸ்ட், மறுபக்கம் தேர்ட்.

எந்தத் திசை பார்த்துப் போடுவது என்பது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பாதி கேட்ச் அதனால்தான் கோட்டை விடப்படுகிறது. விதிப்புத்தகம், ஹோம் பிளேட்டிலிருந்து செகண்ட் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு வடகிழக்காக இருப்பது நல்லது என்கிறது. சாயங்கால வெயில் பேட்டரின் கண்ணில் விழாமல் இருக்க அது சரி. நாம் ஆடுவதோ காலை ஆறரைக்கு, கடல் பக்கமிருந்து சூரியன் நேரே முகத்தில் அறையும். அதனால் நான் ஹோம் பிளேட்டைத் தெற்கு மூலையில் வைத்து வடக்குப் பார்த்துப் போடுகிறேன். அப்படிப் போட்டால் ரைட் ஃபீல்டு கிழக்கே இருக்கும். மத்தியானத்துக்கு மேல் ஆடினால் கடல்காற்று அங்கிருந்து வந்து உயரப் பந்தை மேற்கே தள்ளும், ரைட் ஃபீல்டுக்கு என்று கிளம்பியது சென்டர்காரன் தலையில் வந்து இறங்கும். திருவொற்றியூர், காசிமேடு மாதிரி கரையோரத்தில் ஆடுகிறவர்கள் இதைப் பிள்ளைகளுக்கு முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

பேஸுக்குப் பழைய ரப்பர் மிதியடி போதும். மண் நிரப்பிய சாக்கு வேண்டாம், கணுக்கால் பிசகும். ஃபர்ஸ்ட் பேஸில் மட்டும் இரண்டு மிதியடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், உள்பக்கம் பிடிக்கிறவனுக்கு, வெளிப்பக்கம் ஓடி வருகிறவனுக்கு. மோதல் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். தினமும் ஆரம்பிக்கும் முன் எல்லாரும் ஒரு வரிசையாக நடந்து கல், பாட்டில் துண்டு பொறுக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி அங்கே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

சாமான்கள்

கிளவுஸ் எறியாத கையில் போடுவது. சோத்தாங்கையால் எறிகிறவன் பீச்சாங்கையில் மாட்ட வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் முதல் நாள் மாற்றித்தான் மாட்டுகிறார்கள், சிரிக்காதீர்கள். இடது கைக்காரப் பிள்ளை இருந்தால் அவனுக்குத் தனி கிளவுஸ் வேண்டும், வலது கைக்காரனுடையதை மாட்டிவிட்டு அவன் பிடிக்கவில்லை என்று திட்டுவது பாவம்.

பந்து: முதல் ஒரு மாதம் டென்னிஸ் பந்து, அப்புறம் மெத்தென்ற பயிற்சிப் பந்து, கடைசியில்தான் அசல் பேஸ்பால். பெற்றோர் பயப்பட்டால் சொல்லுங்கள், பேஸ்பால் 142 முதல் 149 கிராம், பையன் தெருவில் ஆடுகிற கிரிக்கெட் லெதர் பந்து 156 முதல் 163 கிராம். வலி இரண்டிலும் வலிதான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேட்சர் கவசத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மாஸ்க், தொண்டைக் காப்பு, மார்புக் காப்பு, முழங்காலிலிருந்து பாதம் வரை காப்பு, கார்டு. விக்கெட் கீப்பர் பேடும் கிரிக்கெட் ஹெல்மெட்டும் வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும், ஆனால் கழுத்தும் மார்பும் திறந்தே கிடக்கும். காசு சேரும்வரை கேட்சர் இல்லாமல், பின்னால் ஒரு வலையைக் கட்டி ஆடுங்கள்.

முதல் மூன்று வாரம் இடமே கிடையாது

பிள்ளைகள் முனகுவார்கள், முனகட்டும். எறிவது, பிடிப்பது, உருண்டு வரும் பந்தை எடுப்பது என்று மூன்றும் வராமல் எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஒன்றுதான்.

எறியும்போது பந்தின் தையல் லாட வடிவில் வளைந்திருக்கும் இடத்துக்குக் குறுக்கே இரண்டு விரல்களை வைத்துப் பிடித்தால் பந்து நேராகப் போகும். உடம்பு பக்கவாட்டில் திரும்ப வேண்டும், முழங்கை தோள் உயரத்துக்கு வர வேண்டும், எதிர்க்கால் பந்து போய்ச் சேர வேண்டிய ஆளைப் பார்த்து எட்டு வைக்க வேண்டும். கிரிக்கெட்டில் ஊறிய பிள்ளைகள் எல்லாவற்றையும் ஸ்டம்பைப் பார்த்து எறிவார்கள், அதாவது பேஸைப் பார்த்து, தரையைப் பார்த்து. இங்கே பேஸில் நிற்கிறவனின் நெஞ்சைப் பார்த்து எறிய வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை மாற்றத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. அடுத்தது, பிட்சராக நிறுத்தினால் கையை நீட்டி பவுலிங் போடுவார்கள், அது தானாகப் போய்விடும்.

பிடிப்பதற்குக் கட்டட வேலை நடக்கும் இடத்தில் செங்கல் கைமாற்றுகிறவர்களைப் பார்க்கச் சொல்வேன். கீழே நிற்கிறவர் போடுகிற செங்கலை மேலே நிற்கிறவர் முட்டி வாங்க மாட்டார், கை கொஞ்சம் பின்னால் போய் வாங்கும், வாங்கின வேகத்திலேயே அடுத்த ஆளுக்குத் திரும்பும். அதேதான் வேண்டும். நெஞ்சுக்கு மேலே வரும் பந்துக்கு விரல் வானத்தைப் பார்க்க வேண்டும், இடுப்புக்குக் கீழே என்றால் விரல் தரையைப் பார்க்க வேண்டும்.

உருண்டு வரும் பந்துக்கு, குழாயடியில் நிறைகுடத்தைத் தூக்கக் குனிகிற மாதிரி முழங்காலை மடக்க வேண்டும், முதுகை மட்டும் வளைத்தால் பிடிபடாது. கிளவுஸ் முதலிலேயே தரையைத் தொட்டிருக்க வேண்டும், பந்து எகிறினால் கை மேலே வருவது சுலபம், கடைசி நொடியில் கீழே போவது கஷ்டம். நம்ம மைதானத்தில் பந்து எப்போது எகிறும் என்று அந்த மைதானத்துக்கே தெரியாது. அப்புறம், கிரிக்கெட்டில் ஒரு காலை மண்டியிட்டு அணை கட்டுவார்களே, அவுட்ஃபீல்டில் அது பரவாயில்லை, இன்ஃபீல்டில் அப்படி உட்கார்ந்து எழுவதற்குள் ஓடுகிறவன் பேஸைத் தாண்டிப் போயிருப்பான்.

எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு

நான் வைத்திருக்கும் வரிசையைச் சொல்கிறேன், உங்களுக்கு வேறு தோன்றினால் மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாரையும் முதலில் செகண்ட் பேஸில் நிறுத்துகிறேன். ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிய வேண்டிய தூரம் குறைவு, பந்து கையில் ஒருமுறை தட்டி விழுந்தாலும் எடுத்து எறிய நேரம் இருக்கும். பயம் போகும். கூடவே ஒரு சூத்திரம்: பந்து ஷார்ட்ஸ்டாப் பக்கம் போனால் செகண்ட் பேஸ் மிதியடிக்கு நீ ஓடு, பந்து உன் பக்கம் வந்தால் ஷார்ட்ஸ்டாப் ஓடட்டும்.

அங்கிருந்து அவுட்ஃபீல்டு. பந்து தலைக்கு மேலே போகும்போது பின்பக்கமாகவே நடந்தால் விழுவான். ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்து உடம்பைத் திருப்பி ஓட வேண்டும், தலை மட்டும் பந்தைப் பார்க்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் முதல் அடி பின்னால்தான் என்று சொல்லுங்கள், முன்னால் விழும் பந்துக்கு ஒரு பேஸ் போகும், தலையைத் தாண்டிப் போனதற்கு மூன்று பேஸ் போகும். கூப்பிடுவதற்கு ஒரே சொல்லை முடிவு செய்யுங்கள். எங்கள் பிள்ளைகள் முதலில் "விடு விடு" என்று கத்துவார்கள், அது நீ விடு என்பதா, எனக்கு விடு என்பதா தெரியாமல் இரண்டு பேரும் நின்றுவிட்டுப் பந்து நடுவில் விழும். இப்போது "எனக்கு, எனக்கு, எனக்கு" என்று மூன்று தடவை. இரண்டு பேர் கூப்பிட்டால் சென்டர் ஃபீல்டு சொன்னதுதான் சட்டம், இன்ஃபீல்டுக்காரன் பின்னால் ஓடிப் பிடிப்பதைவிட அவுட்ஃபீல்டுக்காரன் முன்னால் வந்து பிடிப்பது சுலபம், அதனால் அவனுக்கு வழி விட வேண்டும்.

அப்புறம் ஷார்ட்ஸ்டாப்பும் தேர்டும். பெரும்பாலான பேட்டர்கள் வலது கைக்காரர்கள், இழுத்து அடிக்கும் பந்து இந்தப் பக்கம்தான் வரும். ஷார்ட்ஸ்டாப்புக்குக் கால் வேண்டும், எறியும் கை வேண்டும். தேர்டுக்குத் தைரியம் வேண்டும், பந்து அங்கே யோசிக்க நேரம் தராது. எல்லாரையும் இங்கே நிறுத்துங்கள், ஆனால் அசல் பந்தோடு நிறுத்துவதற்கு முன் டென்னிஸ் பந்தை அருகிலிருந்து வேகமாக அடித்துப் பழக்குங்கள்.

இடது கைக்காரனைச் செகண்ட், தேர்ட், ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்தக் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். காரணம் சரியானதுதான், அங்கே பந்தை எடுத்து ஃபர்ஸ்டுக்கு எறிய அவன் உடம்பை முழுதாகத் திருப்ப வேண்டும், அதற்குள் நேரம் போய்விடும். பெரிய ஆட்டங்களில் அவர்களை அங்கே பார்ப்பது அபூர்வம். ஆனாலும் பத்து வயதுப் பிள்ளைக்கு அதைச் சட்டமாக்க எனக்கு மனசு வரவில்லை. பயிற்சியில் நிறுத்துகிறேன், கால் பழகட்டும்.

ஃபர்ஸ்ட் பேஸ் நெட்டையனுக்கான இடம் என்று நினைத்தேன் அல்லவா, அது பிடிக்கத் தெரிந்தவனுக்கான இடம். ஒரு ஆட்டத்தில் அதிகமாகப் பந்து எறியப்படும் இடங்களில் ஒன்று, அதுவும் வேகமாக, முகத்துக்கு நேரே. எல்லாரையும் எல்லா இடத்திலும் நிறுத்துகிறேன் பேர்வழி என்று பிடிக்கத் தெரியாத பிள்ளையை இங்கே நிறுத்திப் பல்லை உடைத்துவிடாதீர்கள். என் கணக்கு, பயிற்சியில் இருபது எறிந்தால் குறைந்தது பதினாறு பிடித்தால்தான் இந்த இடம். முதலில் காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது, பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நீட்ட வேண்டும். கோணலாக வந்தால் பேஸை விட்டுவிட்டுப் பந்தைப் பிடிக்க வேண்டும். அவுட் போனால் போகட்டும், பந்து பின்னால் போனால் ஓடுகிறவன் இன்னொரு பேஸ் போவான்.

கடைசியில் கேட்சர். குத்தவைத்து உட்காருவது நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை, எடை மட்டும் முன்பாதத்தில் இருக்க வேண்டும். சும்மா இருக்கிற கையின் கட்டைவிரலை முஷ்டிக்குள் மடக்கி முதுகுக்குப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் நகம் போகும். முன்னால் குத்தி வரும் பந்தைப் பிடிக்க முயல வேண்டாம், இரண்டு முழங்காலையும் போட்டு, முகவாயை நெஞ்சோடு சேர்த்து, பந்து மார்புக் காப்பில் பட்டு முன்னாலேயே விழும்படி அணையாக நின்றால் போதும். ஒருவருக்கு ஒரு நாளில் இரண்டு இன்னிங்ஸுக்கு மேல் வேண்டாம், சென்னை வெயிலில் அந்தக் கவசத்துக்குள் இருப்பது இட்லிப் பானைக்குள் இருப்பது போல.

1965 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி அத்லெடிக்ஸ் அணியின் பெர்ட் கம்பனேரிஸ் ஒரே ஆட்டத்தில் ஒன்பது இடத்திலும் ஆடினார், முதல் இன்னிங்ஸில் தன் சொந்த இடமான ஷார்ட்ஸ்டாப்பில் தொடங்கி. பிட்சராகக்கூட எறிந்துவிட்டு, ஒன்பதாவது இன்னிங்ஸில் கேட்சராக நின்றபோது ஹோம் பிளேட்டுக்கு ஓடிவந்தவர் மோதி அடிபட்டு வெளியேறினார். பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். நான் கேட்சரைக் கடைசியில் வைத்திருப்பதற்கும் இதையே காரணமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

பந்து வராத எட்டுப் பேர்

இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. ஒரு பந்து அடிக்கப்பட்டால் அது ஒருத்தனிடம்தான் போகும். மிச்சம் எட்டுப் பேர் என்ன செய்கிறார்கள்? கிரிக்கெட் பழக்கத்தில் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்ப்பார்கள்.

ஷார்ட்ஸ்டாப்பிடம் பந்து போகிறது என்று வையுங்கள். அவன் ஃபர்ஸ்டுக்கு எறிவான். எறிந்தது தவறினால்? அதற்காக ரைட் ஃபீல்டுக்காரன் ஃபர்ஸ்ட் பேஸுக்குப் பின்னால் ஓடி வந்திருக்க வேண்டும். லெஃப்ட்காரன் ஷார்ட்ஸ்டாப்புக்குப் பின்னால். செகண்ட் பேஸ்காரன் தன் மிதியடியில். இதே பந்து வலது பக்கம் உருண்டு ஃபர்ஸ்ட் பேஸ்காரனே எடுக்கப் போனால், காலியான ஃபர்ஸ்டுக்கு பிட்சர் ஓட வேண்டும். தேர்டுக்கு எறியும்போது லெஃப்ட்காரன் பின்னால், ஹோமுக்கு எறியும்போது பிட்சர் கேட்சருக்குப் பின்னால். கூட்டிப் பார்த்தால், ஒழுங்காக ஆடுகிற ரைட் ஃபீல்டுக்காரன் அளவுக்கு ஓடுகிறவன் அந்த அணியிலேயே குறைவு. இதை ஒருமுறை விரல் விட்டு எண்ணிக் காட்டிய பிறகுதான் உப்புக்குச் சப்பாணி என்ற பேர் போனது.

இதற்கு நான் செய்கிற பயிற்சி, பந்தே இல்லாமல். ஒன்பது பேரையும் நிறுத்திவிட்டு "பந்து ஆறுக்கு!" என்று கத்துவேன், எல்லாரும் ஓட வேண்டும். மூன்று நொடியில் விசில். அப்படியே சிலையாக நிற்க வேண்டும். நான் ஒவ்வொருவரிடமும் போய் "நீ ஏன் இங்கே நிற்கிறே?" என்று கேட்பேன். பதில் சொன்னால் போதும், தப்பான இடமாக இருந்தாலும் காரணம் இருந்தால் திட்ட மாட்டேன். "சும்மா" என்று சொன்னால் ஒரு சுற்று ஓட்டம். பிறகு ஒவ்வொருவரும் ஒரு எண் தள்ளி நிற்க வேண்டும், மறுபடியும். இருபது நிமிஷத்தில் எல்லாரும் ஒன்பது இடத்தையும் ஒரு தடவை சுற்றிவிடுவார்கள். வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடி வளர்ந்த பிள்ளைகள் இதில் மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறார்கள், பந்து இல்லாதபோது எங்கே ஓட வேண்டும் என்பது அவர்களுக்குச் சின்ன வயதிலேயே காலில் இருக்கிறது. ஒரு பையன் என்னிடம், "இன்னாண்ணா, இது நம்ம டிபென்ஸ் மேரிதானே?" என்றான். அதேதான்.

தோள்

எல்லாரையும் பிட்சராக நிறுத்துங்கள், ஆனால் எண்ணிக்கொண்டே நிறுத்துங்கள். லிட்டில் லீக் விதிப்படி ஒரு நாளில் 7, 8 வயதுக்கு 50 பந்து, 9, 10க்கு 75, 11, 12க்கு 85, அதற்கு மேல் கிடையாது. 20 பந்து வரை ஓய்வு வேண்டாம், 21 முதல் 35 என்றால் ஒரு நாள், 50 வரை இரண்டு நாள், 65 வரை மூன்று நாள், 66 தாண்டினால் நான்கு நாள் ஓய்வு. 41 பந்து எறிந்தவன் அன்றைக்கு கேட்சராகவும் நிற்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் தோள் தாங்காது. நம்ம ஊரில் இன்னொரு தொல்லை, சனிக்கிழமை டென்னிஸ் பந்து டோர்னமென்டில் பவுலிங் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து நிற்பான், கேட்டால்தான் சொல்வான். கேளுங்கள். முழங்கை உள்பக்கம் வலிக்கிறது என்றால் அன்றோடு எறிவதை நிறுத்தி டாக்டரிடம் அனுப்புங்கள், வளரும் எலும்பின் முனை அந்த வயதில் இளசு. பந்தைத் திருகி வளைக்கும் வித்தை எல்லாம் இப்போது வேண்டாம்.

2008இல் உத்தரப் பிரதேசத்திலிருந்து ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று இரண்டு பேர் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள், ஒரு பந்தெறியும் போட்டியில் முன்னணியில் வந்து அமெரிக்கா போய் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். பெற்றோரிடம் சொல்ல நல்ல கதை. ஆனால் கவனியுங்கள், இரண்டு பேரும் பிட்சர்கள். வளர்ந்த பிறகு கை பலத்தை மட்டும் வைத்துக்கொண்டு நுழையக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஷார்ட்ஸ்டாப்பின் காலும் சென்டர் ஃபீல்டின் கண்ணும் சிறு வயதில் வந்தால்தான் உண்டு.

நோட்டும் பெற்றோரும்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, இடதுபக்கம் பேர், மேலே 1 முதல் 9 எண், கட்டம் போடுங்கள். யார் எங்கே எத்தனை இன்னிங்ஸ் நின்றான் என்று கோடு இழுங்கள். நினைவை நம்பினால் நமக்குப் பிடித்த பிள்ளையை நமக்கே தெரியாமல் ஷார்ட்ஸ்டாப்பிலேயே நிறுத்திவிடுவோம், நோட்டு காட்டிக்கொடுத்துவிடும். ஆட்டம் என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு இன்னிங்ஸாவது இன்ஃபீல்டு, ஒன்றாவது அவுட்ஃபீல்டு. தோற்போம், முதல் வருஷம் நிறையவே தோற்போம்.

"எம் புள்ளைய இன்னாத்துக்கு சார் அந்த மூலைல நிக்க வெச்சீங்க?" என்று ஒரு அம்மா கேட்பார். நோட்டைக் காட்டுங்கள், போன வாரம் அவன் பிட்சர் என்று அதில் இருக்கும். அதற்கும் மேல் கேட்டால் அமெரிக்க ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் கதை இருக்கிறது. அதற்கு முன் ஷார்ட்ஸ்டாப்பும் செகண்ட் பேஸும் ஆடியவரை 1947இல் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி ஃபர்ஸ்ட் பேஸில் நிறுத்தியது, அந்த இடத்திலிருந்துதான் அவர் பெரிய லீகில் நுழைந்தார், பிறகு செகண்ட், தேர்ட், லெஃப்ட் ஃபீல்டு என்று எல்லாம் ஆடினார். (ராயபுரம் ராபின்சன் பூங்காவுக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கிடையாது.)

மழை மாதம்

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை மைதானம் குளமாகிவிடும். அப்போது கேரம் போர்டை எடுங்கள், வட சென்னையில் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். ஒரு மூலைக் குழிதான் ஹோம் பிளேட். அதிலிருந்து போகும் இரண்டு விளிம்பும் எல்லைக்கோடு. வலது விளிம்பின் நடுவில் ஃபர்ஸ்ட், இடது விளிம்பின் நடுவில் தேர்ட், போர்டின் நட்டநடு வட்டம் செகண்ட் பேஸ், அளவு சரியாக வரும். ஒன்பது கருப்புக் காய் ஒன்பது ஃபீல்டர், வெள்ளைக் காய் ஓடுகிறவர்கள், சிவப்புக் காய் பந்து. ஒருவன் சிவப்பைக் கொண்டுபோய் ஓரிடத்தில் வைக்க வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு கருப்பை எடுத்து அது போக வேண்டிய இடத்துக்கு நகர்த்த வேண்டும். ஒரு காய் நகராமல் நின்றால் அதை வைத்திருந்தவன் போய் எல்லாருக்கும் டீ வாங்கி வர வேண்டும். போர்டுக்குப் பவுடர் மட்டும் போடாதீர்கள், காயெல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும்.